நாலாவது படிக்கிற பொண்ணு வாசிக்கத் திணறுறா. ஸ்கூல் கூட்டத்துக்கும் போக முடியல. வீட்டுல நான் என்னதான் செய்யணும்?

ஸ்டிச்சிங்_அக்கா

வணக்கம். டீச்சருங்க, பெத்தவங்க யாராவது இருந்தா பதில் சொல்லுங்க.

பேர்ணாம்பட்டு பக்கத்துல ஒரு கிராமம், ஆந்திரா பார்டர் கூப்பிடு தூரம். வீட்டுல தெலுங்குதான் பேசுவோம். நான் எட்டாவது வரைக்கும் படிச்சது தமிழ்ல. இப்போ ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில ஸ்டிச்சிங்ல இருக்கேன். காலைல ஏழு மணிக்கு கம்பெனி பஸ் வந்துடும். திரும்ப இறங்கும்போது ஆறரை. ஷிப்மென்ட் நேரத்துல ஓ.டி. போட்டா எட்டு. வீட்டுக்காரர் லாரில போறவர், மாசத்துல பாதி நாள் ரோட்டுலதான். அத்தை வீட்டுல பீடி சுத்துறாங்க. கண்ணு மங்கிடுச்சு, ஆனா விரலுக்குப் பழக்கம்.

பொண்ணு ஊராட்சி ஒன்றியப் பள்ளில நாலாவது. காலைச் சாப்பாடு ஸ்கூல்லயே போடறதால ஒரு கவலை விட்டுச்சு. இல்லாட்டி ஏழு மணிக்குள்ள இட்லி ஊத்தி, தலை பின்னி விட்டு நான் எங்க பஸ்ஸப் புடிக்கிறது.

போன மாசம் வகுப்பு டீச்சர் போன் பண்ணாங்க. நல்ல டீச்சர், குறை சொல்ல மாட்டேன். "வாசிக்கத் திணறுறா, வீட்டுல கொஞ்சம் கவனிங்க. வீட்டுல தெலுங்கு பேசறதாலதான் இப்படி, இனிமே தமிழ்லயே பேசுங்க"ன்னாங்க. சரின்னு ஒரு வாரம் முயற்சி பண்ணேன். அத்தைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவங்க பேச்சையே நிறுத்திட்டாங்க. பாட்டியும் பேத்தியும் ராத்திரி கதை பேசுவாங்க, அதுவும் நின்னுபோச்சு. வீடு வீடா இல்ல.

அடுத்தது கணக்கு. 52ல இருந்து 27ஐக் கழிக்கணும். பக்கத்துல கடன் வாங்கச் சொல்லி எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக் கொடுத்தேன். "எங்க டீச்சர் அப்படிச் சொல்லல, கட்டைப் பிரிக்கணும்"னு ஒரே அழுகை. என்ன கட்டு, எதைப் பிரிக்கிறதுன்னு எனக்குப் புரியல.

கூட்டம்னு வெச்சா வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வெக்கிறாங்க. எங்களுக்கு அரை நாள் லீவு எடுத்தாலும் திரும்பி வர பஸ் சாயங்காலம்தான். ஆக முழு நாள் சம்பளம் போச்சு, அந்த மாசத்து அட்டெண்டன்ஸ் காசும் போச்சு. போன தடவை அத்தைய அனுப்பினேன். கைநாட்டு வெச்சுட்டு, டீ குடிச்சிட்டு வந்து "அந்தா பாக (எல்லாம் நல்லா) சொன்னாங்க"ன்னாங்க. என்ன சொன்னாங்கன்னு கேட்டா தெரியல.

பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு டியூஷன் எடுக்குது, மாசம் 400. அனுப்பிடலாமா? "கம்பெனிக்குப் போற பொம்பளைங்களுக்குப் புள்ளைங்க படிப்புல அக்கறை இல்ல"ன்னு பஸ்ல வர்றவங்களே பேசறாங்க. அதுக்கு ஒரு பதில் எனக்கு வேணும்.

சாக்பீஸ்

அம்மா, நான் உங்க பக்கத்து ஒன்றியத்துல இடைநிலை ஆசிரியர். நாலு, அஞ்சு ரெண்டு வகுப்பும் எங்கிட்டதான். உங்க பொண்ணோட டீச்சர் எங்க ஆளு, அவங்கள விட்டுக் கொடுத்துப் பேச மாட்டேன். ஆனா "வீட்டுல கவனிங்க"ங்கறது எங்க வாயில தானா வந்துடற வார்த்தை. டாக்டர் மருந்து எழுதாம "உடம்பைப் பாத்துக்கோங்க"ன்னு அனுப்பற மாதிரி. எதைக் கவனிக்கணும்னு கேட்டு வாங்கறது உங்க உரிமை.

முதல்ல தெலுங்கு. வீட்டுப் பேச்சை மாத்தாதீங்க. இன்னிக்கே பாட்டியப் பேசச் சொல்லுங்க. குழந்தைக்கு உலகம் தெரியறது, காரணம் கேக்கறது, கதைய வரிசையாச் சொல்றது எல்லாம் வீட்டு மொழிலதான் வளருது. அப்படி வளர்ந்ததைத்தான் ஸ்கூல் மொழிக்குக் கொண்டுவர முடியும். நீங்க பாதி தெரிஞ்ச தமிழ்ல "சாப்பிடு, படி, தூங்கு"ன்னு மூணு வார்த்தைல முடிச்சுக்கிட்டா, தெலுங்கும் போகும், தமிழும் வராது. எங்க வகுப்புல உருது வீட்டுப் புள்ளைங்களும் இருக்காங்க, தெலுங்கு வீட்டுப் புள்ளைங்களும் இருக்காங்க. தமிழ் வீட்டுப் புள்ளைங்கள்ல திணறுறவங்களும் இருக்காங்களே, அதுக்கு எந்த மொழி மேல பழி போடறது?

திணறல்ல ரெண்டு வகை இருக்கு. எதுன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். தமிழ்ப் புத்தகத்துல ஒரு சின்னப் பாடத்த நீங்க சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் "இப்போ பாட்டிக்கு இதைத் தெலுங்குல சொல்லு"ன்னு சொல்லுங்க. கதை மாறாம சொல்லிட்டாளா? அப்போ தமிழ் புரியுது, எழுத்தைக் கூட்டறதுலதான் சிக்கல். அவளே நல்லா கடகடன்னு வாசிச்சும் பாட்டிக்குச் சொல்ல வரலையா? அப்போ வார்த்தைக்கு அர்த்தம் தெரியல. முதல் வகைக்கு எழுத்துப் பயிற்சி வேணும், ரெண்டாவதுக்குப் பேச்சும் கதையும் வேணும். இது தெரியாம டியூஷனுக்கு அனுப்பினா 400 ரூபாய்க்கு வீட்டுப்பாடம் பாத்து எழுதிட்டு வருவா, அவ்வளவுதான்.

எழுத்துல சிக்கல்னா பெரும்பாலும் எங்க தெரியுமா? ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு. கெ, கே. அதுக்கப்புறம் கொ, கோ, கௌ. எழுத்துக்கு முன்னாடி ஒரு குறி, பின்னாடி ஒரு குறி, நடுவுல எழுத்து. கண்ணு முன்னால போயிட்டுப் பின்னால வரணும். நாலாவதுல கூட இதுல தடுக்கி விழற புள்ளைங்க இருக்காங்க. தெரிஞ்ச எழுத்துல கடகடன்னு போவாங்க, கொம்பு வந்தா நின்னுடுவாங்க. பொண்ணு எங்க நிக்கிறான்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. நீங்க சொல்லிக் கொடுக்க வேண்டாம், நின்ன வார்த்தைல பென்சிலால புள்ளி வெச்சு அனுப்புங்க. அந்தப் புள்ளிங்களப் பாத்தா டீச்சருக்கு அரை மணி நேர வேலை மிச்சம். நான் எங்க புள்ளைங்க வீட்டுல இதைத்தான் கேக்கறேன்.

எண்ணும் எழுத்தும்னு, சின்னப் புள்ளைங்களுக்கு வாசிக்க, எழுத, கணக்குப் போட அடிப்படையச் சொல்லித் தர்ற அரசுத் திட்டம் 2022ல ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் வந்தது, அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும். அதுல குழந்தை எந்த நிலைல இருக்குன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு வெச்சிருக்கோம். "என் பொண்ணு தமிழ்ல எதுல இருக்கா, கணக்குல எதுல இருக்கா?" இதை மட்டும் டீச்சர்கிட்ட கேளுங்க. ரெண்டு வார்த்தைல பதில் வரும். "நல்லா படிக்கிறாளா"ன்னு கேட்டா "பரவால்ல"ன்னுதான் சொல்லுவோம்.

கணக்கு: நீங்க சொன்னதும் டீச்சர் சொன்னதும் ஒண்ணுதான். 52ங்கறது அஞ்சு பத்துக்கட்டும் ரெண்டு குச்சியும். ரெண்டுல ஏழு போகாது. ஒரு கட்டைப் பிரிச்சா நாலு கட்டு, பன்னெண்டு குச்சி. பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு, நாலு கட்டுல ரெண்டு போனா ரெண்டு. 25. நீங்க "கடன்"னு சொன்ன இடத்துல புத்தகம் கட்டைப் பிரிக்குது. எதுக்கு அப்படின்னா, கடன் வாங்கினது பத்துங்கறது பல புள்ளைங்களுக்குத் தெரியாது, ஒண்ணு வாங்கினதா நெனைப்பாங்க. நீங்க இதைச் சொல்லிக் கொடுக்காதீங்க. "எனக்குத் தெரியல, நீ காட்டு"ன்னு குச்சியக் கையில கொடுங்க. பீடிக்கட்டு 25 எண்ணிக்கைதானே? அத்தைகிட்டயும் இதே கணக்கைப் போடச் சொல்லிப் பாருங்க, அவங்க எப்படிப் போடறாங்கன்னு.

கூட்டம் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 24ஆவது பிரிவுல, வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பத்திப் பெத்தவங்களுக்குக் கூட்டம் வெச்சுத் தெரியப்படுத்தறது ஆசிரியர் கடமைன்னு இருக்கு. கடமை எங்க பக்கம். வர முடியாதவங்களுக்கு எப்படிச் சேதி போகும்னு யோசிக்க வேண்டியதும் நாங்கதான். எங்க ஊருல நான் மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ் நிக்கிற புளியமரத்தடியில நின்னுக்குவேன். பத்து அம்மாங்ககிட்ட ஆளுக்கு ரெண்டு நிமிஷம். எல்லா ஆசிரியராலயும் முடியாது, வேலூர்ல இருந்து பஸ் ஏறி வர்றவங்க ஆறரை மணிவரைக்கும் எப்படி நிப்பாங்க? ஆனா வாய்ஸ் மெசேஜ் அனுப்ப எல்லாராலயும் முடியும். வாரத்துக்கு ஒரு தடவை, அரை நிமிஷம். கேட்டுப் பாருங்க.

காட்பாடி_ஜங்ஷன்

சாக்பீஸ் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒரு கோபம் இருக்கு, கொட்டிட்டுப் போறேன்.

என் பையன் தனியார் மெட்ரிக் பள்ளி. எங்களுக்குப் "பெற்றோர் பங்களிப்பு"ன்னா வாட்ஸ்ஆப் குரூப். ராத்திரி ஒன்பதரைக்கு மெசேஜ் வரும், நாளைக்கு சார்ட் பேப்பர், நாளைக்குப் பச்சைக் கலர் சட்டை. தெர்மாகோல்ல சூரியக் குடும்பம் நான் செஞ்சேன், சனி கிரகத்து வளையத்துக்கு மட்டும் ராத்திரி ஒரு மணி ஆச்சு. பையனுக்கு ஸ்டார் போட்டாங்க. அவன் எந்தப் பாடத்துல பின்தங்கியிருக்கான்னு வருஷக் கடைசி வரைக்கும் யாரும் சொல்லல. ஃபீஸ் கட்டற எங்க நிலைமையே இதுதான்.

இன்னொண்ணு. இங்க எல்லாரும் "அம்மா, அம்மா"ன்னே பேசறோம். ஷூ கம்பெனில நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு வர்ற அம்மாதான் வாசிக்க வெக்கணும், போன் பண்ணணும், கூட்டத்துக்கும் போகணுமா? அப்பா என்ன பண்றார்? லாரிலயே இருந்தாலும் போன் இருக்குமே.

தறிவீடு

குடியாத்தத்துல இருந்து. எங்க ஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி நான். படிச்சது பத்தாவது.

அக்கா, நீங்க கூட்டத்துக்கு வர முடியலன்னு வருத்தப்படறீங்க. அந்தக் கூட்டத்துல என்ன நடந்துக்கினு இருந்துச்சுன்னு நான் சொல்றேன். காம்பவுண்டு சுவரு, கக்கூசு, தண்ணி டேங்க்கு. அதெல்லாம் வேணாம்னு சொல்லல, பொம்பளப் புள்ளைங்களுக்குக் கக்கூசுக்குக் கதவு இல்லாம என்ன படிப்பு. ஆனா படிப்பு பத்தி கடைசி அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள பாதி பேரு எழுந்து போய்டுவாங்க. நாங்க தலைகீழா மாத்தினோம். முதல்ல ஒவ்வொரு டீச்சரும் இந்த மாசம் அவங்க வகுப்பு எதைக் கத்துக்கினு இருக்குது, வீட்டுல என்ன ஒண்ணு பாக்கணும், அவ்வளவுதான் சொல்லணும். சுவரு அப்புறம்.

நேரமும் மாத்தினோம். எங்க பக்கம் தறி, பீடி, தீப்பெட்டி, எல்லாம் கூலிதான். மூணு மணின்னா எந்திரிச்சு வர மாட்டாங்க. அஞ்சரைக்கு வெக்கச் சொன்னோம். டீச்சருங்க பஸ் போய்டும்னாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான், பொம்பளைங்க இருட்டுல எப்படிப் போவாங்க. பேசிப் பேசி ஒரு கூட்டம் மூணு மணி, அடுத்தது அஞ்சு மணின்னு வெச்சோம். தீர்மானப் புத்தகத்துல எழுதிட்டா அப்புறம் யாரும் மாத்த முடியல. சட்டத்துல குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பொம்பளைங்க. எண்ணிக்கை நம்ம பக்கம் இருக்குது, வாயத் தொறக்கறதுதான் இல்ல.

2024ல குழுவ மாத்தி அமைச்சப்போ அந்த ஸ்கூல்ல படிச்ச பழைய பசங்களையும் சேத்தாங்க. எங்களுக்கு ஒரு தம்பி கிடைச்சான். கூட்டம் முடிஞ்ச உடனே பேசினதை எல்லாம் ரெண்டு நிமிஷத்துல பேசி அனுப்பிடுவான், தமிழ்ல ஒண்ணு, உருதுல ஒண்ணு. வராத அம்மாங்க ராத்திரி சோறு வடிச்சுக்கினே கேக்கறாங்க. உங்க ஊர்ல தெலுங்கு பேசற பையன் ஒருத்தன் கிடைக்காமலா போய்டுவான்?

பீடி கார்டு, அதான் பீடித் தொழிலாளி அடையாள அட்டை, உங்க அத்தைகிட்ட இருக்குதா, உங்க பேருல இருக்குதா? பீடித் தொழிலாளிங்க புள்ளைங்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை இருக்குது, வகுப்பப் பொறுத்து. பாட்டி கார்டுக்குப் பேத்திக்குக் கிடைக்காது, அது பெத்தவங்க கார்டுக்குத்தான். இதைத் தெரியாம அலையாதீங்க.

மேல்பட்டி_தங்கை

அக்கா, டியூஷன் கேள்விக்கு நான் சொல்றேன். நான் இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா இருந்தேன். 2021 கடைசில ஆரம்பிச்சது, கொரோனால ஸ்கூல் மூடிக் கெடந்ததால விட்டுப்போனதைப் புடிக்கறதுக்கு. சாயங்காலத்துல எங்க வீட்டுத் திண்ணையிலதான். மாசம் 1000 ரூபாய் கொடுத்தாங்க.

அங்க நான் பாத்தது, புள்ளைங்க வீட்டுப்பாடத்தத் தூக்கிட்டு வந்து "இதை முடிச்சுக் கொடுங்க"ம்பாங்க. பெத்தவங்களும் அதைத்தான் எதிர்பாப்பாங்க. நோட்டு நிரம்பினா சந்தோஷம். பக்கம் பக்கமாப் பாடம் எழுதறதுல கெட்டிக்காரப் புள்ளை, ரெண்டு வரி வாசிக்கச் சொன்னா முழிக்கும். பாத்து எழுதறதும் வாசிக்கறதும் வேற வேறன்னு நிறைய வீட்டுல தெரியல.

டியூஷனுக்கு அனுப்பறதுன்னா அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. "நோட்டு எழுத வேணாம், தினம் இருபது நிமிஷம் சத்தமா வாசிக்க வெப்பியா?" சரின்னா அனுப்புங்க. பத்துப் பன்னெண்டு பேரை வெச்சுக்கிட்டு முடியாதுன்னு சொன்னா, அதுவும் நேர்மையான பதில்தான், காசு மிச்சம். ஸ்கூல் டீச்சரே தனியா டியூஷன் எடுத்தா மட்டும் அனுப்பாதீங்க, அது சட்டப்படி கூடாது.

ஸ்கூல்ல ஊஞ்சல்னு நாலு, அஞ்சாவதுக்கு ஒரு பத்திரிகை வரும், அரசாங்கமே போடறது. அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்க. கிழிஞ்சுடும்னு பயந்து பீரோவுல பூட்டி வெக்கிற ஸ்கூல் இருக்கு.

ஸ்டிச்சிங்_அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உடனே பதில் போட முடியல, ஷிப்மென்ட்.

பாட்டிக்குத் தெலுங்குல சொல்ற வேலையப் பண்ணிப் பாத்தேன். நான் வாசிச்ச பாடத்த அப்படியே சொல்றா, நடுவுல ரெண்டு பொய்யும் சேத்துக்கறா. அப்போ சாக்பீஸ் சார் சொன்ன முதல் வகைதான். புள்ளி வெச்சுப் பாத்தா எல்லாம் கொம்புலதான் வந்து நிக்குது. டீச்சர்கிட்ட "எந்த நிலை"ன்னு கேட்டேன். தமிழ்ல மொட்டு, கணக்குல மலர்னாங்க. கணக்குல நல்லா இருக்கான்னு அன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட யாரும் சொல்லல. போன் பண்ணா குறை சொல்லத்தான்னு நெனைச்சு நானும் பயந்துக்கிட்டே எடுப்பேன். தெலுங்குல பேசறதப் பத்தி நீங்க சொன்னதையும் டீச்சர்கிட்ட சொன்னேன். முழுசா ஒத்துக்கல. "சரி, கதைய மட்டும் தெலுங்குல பேசுங்க"ன்னு பாதி வழி வந்திருக்காங்க.

காட்பாடி அண்ணா கேட்ட கேள்விய வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. இப்போ ராத்திரி லாரி நிறுத்தின உடனே போன் போடறார், பொண்ணு அவருக்கு ஒரு பக்கம் வாசிக்கணும். அவர் கண்ணு முன்னால புத்தகம் இல்ல, அதனால மழுப்ப முடியல. "என்னது, திரும்பச் சொல்லு"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். பக்கத்துல நான் இருந்தா எனக்குத் தெரியும்னு வார்த்தைய முழுங்குவா, அவர்கிட்ட முடியல. ஒரே தொல்லை, சிக்னல் போனா அழுகை வேற.

52 கணக்கு. அத்தைகிட்ட கேட்டேன். முறத்துல இருந்து தலையக் கூடத் தூக்கல. "ரெண்டு கட்டும் ரெண்டு பீடியும். ஒரு கட்டும் ரெண்டும் போச்சுன்னா ஒரு கட்டு மிச்சம்"னாங்க. பொண்ணு குச்சியப் பிரிச்சு, நோட்டுல எழுதி, 25 வந்ததும் பாட்டியப் பாத்து "நீ காப்பி அடிச்சியா"ன்னு கேக்கறா.

டியூஷன் பொண்ணு இருபது நிமிஷம் முடியாதுன்னுடுச்சு. அனுப்பல.

தறிவீடு அக்கா, எங்க ஊர்ல கம்பெனி பஸ் ஏறற அம்மாங்க ஒரு பதினஞ்சு பேர் இருக்கோம். கூட்டம் நேரம் மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்னு பஸ்லயே பேசிட்டோம். அக்கறை இல்லன்னு பேசினவங்களும் சேந்துட்டாங்க. யாருக்கு எழுதணும், எப்படி எழுதணும்?

தறிவீடு

தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, ரெண்டு பேரு பேரும் போட்டு ஒரே மனு. நீளமா வேணாம். இதை அப்படியே எழுதிக்கோங்க:

"நாங்கள் ஆம்பூர் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார்கள். வெள்ளி மாலை 3 மணிக் கூட்டத்தில் கலந்துகொள்ள இயலவில்லை. ஒரு கூட்டம் விட்டு ஒரு கூட்டத்தை மாலை 6.45 மணிக்கு அல்லது விடுமுறை நாளில் நடத்தவும், கூட்டத்தில் பேசியதைக் குரல் பதிவாக அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம்."

கீழ உங்க பேரு, புள்ளை பேரு, வகுப்பு, கையெழுத்து. எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வெச்சா பக்கத்துல பேரு எழுதிடுங்க. ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல ஸ்கூல் சீலு வாங்கிக்கோங்க, சீலு இல்லாம வராதீங்க. 6.45க்கு டீச்சருங்க ஒத்துக்க மாட்டாங்க, ஞாயித்துக்கிழமையும் கஷ்டம்தான். அதைக் கேட்டாதான் அஞ்சரைக்காவது எறங்கி வருவாங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பஸ்ஸ ஒரு மணி நேரம் முன்னாடி விட முடியுமான்னு உங்க சூப்பர்வைசர்கிட்டயும் பதினஞ்சு பேரா போய்க் கேளுங்க, தனியாப் போகாதீங்க.